வடசென்னையிலிருந்து 113 கிலோமீட்டர்: நல்ல காரியத்துக்கு நிதி திரட்டி, முதல் நீண்ட ட்ரையத்லானை முடிக்க முழு வழிகாட்டி

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் இடையில் உட்காராமல் ஒரே நாளில் முடிப்பதுதான் ட்ரையத்லான். 1978 பிப்ரவரியில் ஹவாயின் ஓஹூ தீவில் நடந்த முதல் அயர்ன்மேன் என்ற நீண்ட ட்ரையத்லானில் 15 பேர் இறங்கினார்கள், 12 பேர் முடித்தார்கள். அதன் அளவு 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம். புதிதாக வருபவருக்கு அதில் சரிபாதியே போதும், அதுவே நிறைய: 1.9, 90, 21.1. கூட்டினால் 113 கிலோமீட்டர். மைலில் 70.3 என்பதால் அந்த எண்ணாலேயே அழைக்கிறார்கள். கோவாவில் இந்தப் போட்டி முதன்முதலாக நடந்தது 2019இல்.

இணையத்தில் கிடைக்கும் பயிற்சித் திட்டங்கள் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. உடம்பை மிதக்க வைக்கும் வெட்சூட் இருக்கும், சாலை காலியாக இருக்கும், காலை 20 டிகிரி இருக்கும் என்று எடுத்துக்கொண்டு போடப்பட்டவை. திருவொற்றியூரிலோ வியாசர்பாடியிலோ இருப்பவருக்கு மூன்றும் கிடையாது. இங்கே முடிவைத் தீர்மானிப்பவை காலை 4 முதல் 7 வரையான மூன்று மணி நேரமும், வியர்வையில் போகும் உப்பும்தான். சைக்கிள் எந்த கம்பெனி என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

முதலில் நேரக் கணக்கு

பொதுவான கெடு இப்படி இருக்கும்: நீச்சலுக்கு 1 மணி 10 நிமிடம், தொடக்கத்திலிருந்து 5 மணி 30 நிமிடத்துக்குள் சைக்கிள் முடிய வேண்டும், மொத்தம் 8 மணி 30 நிமிடம். போட்டிக்குப் போட்டி இது மாறும். பணம் கட்டுமுன் அந்தப் போட்டியின் வழிகாட்டிக் கையேட்டைப் படியுங்கள்.

1.9 கி.மீ. நீச்சலை 70 நிமிடத்தில் முடிக்க 100 மீட்டருக்கு 3 நிமிடம் 41 விநாடி ஆகலாம். கடலில் நேர்கோட்டில் யாரும் நீந்துவதில்லை, அதனால் குளத்தில் 100 மீட்டருக்கு 3 நிமிடம் என்று பழகுங்கள். 57 நிமிடத்தில் கரை ஏறலாம். நீச்சலும் உடை மாற்றமும் சேர்ந்து 1 மணி 8 நிமிடம் என்றால் சைக்கிளுக்கு 4 மணி 22 நிமிடம் மிஞ்சும். அதற்கு மணிக்கு 20.6 கி.மீ. சராசரி வேண்டும். ஒரு பஞ்சரையும் சேர்த்து 23 என்று இலக்கு வையுங்கள். ஓட்டத்துக்கு 3 மணி நேரம், அதில் 8 நிமிடம் உடை மாற்ற. கிலோமீட்டருக்கு 8 நிமிடம் 9 விநாடி. கேட்கச் சுலபம்தான், ஆனால் அந்தக் கால் அதற்குள் 90 கிலோமீட்டர் மிதித்திருக்கும்.

நிதி: ஓட்டத்துக்கு முன்பே பேசி முடிக்க வேண்டியது

இதைக் கடைசியில் வைக்காததற்குக் காரணம் இருக்கிறது. “முடித்தால் தருகிறேன்” என்று பத்துப் பேர் சொல்லிவிட்டால், 15ஆவது கிலோமீட்டரில் கண் இருட்டும்போது நீங்கள் நிற்க மாட்டீர்கள். வெயில் தாக்கி விழுபவர்களுக்கு இந்தப் பிடிவாதம்தான் எமன். ஆகவே நன்கொடையை முடிவோடு கட்டாதீர்கள். கிலோமீட்டருக்குப் 10 ரூபாய் என்று ஒருவர் சொன்னால் 113 கிலோமீட்டருக்கு 1,130 ரூபாய். நீங்கள் எங்கே நின்றாலும் அந்தத் தொகை முழுசாகப் போய்ச் சேரும் என்று முதல் செய்தியிலேயே சொல்லிவிடுங்கள்.

வேலை வரிசை:

1. அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். 12ஏ (அமைப்புக்கு வருமான வரி விலக்கு), 80ஜி (கொடுப்பவருக்கு வரிச் சலுகை) பதிவுச் சான்றுகளைக் கேளுங்கள், செல்லுபடியாகும் ஆண்டைப் பாருங்கள். காட்டத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள். 2026 ஏப்ரல் முதலான புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் வேறு. ரசீதில் எந்த எண் வரும் என்று அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

2. “ஏழைகளுக்கு உதவி” என்று கேட்காதீர்கள். எண்ணிப் பார்க்கக்கூடிய ஒரு பொருளைக் கேளுங்கள்: மேசை, சக்கர நாற்காலி, நூலக அலமாரி.

3. உங்கள் சொந்த க்யூஆர் அட்டையில் ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள். பணம் நேராக அமைப்பின் கணக்குக்குப் போகட்டும். ஆட்டோ ஸ்டாண்டிலும் மீன் மார்க்கெட்டிலும் ரொக்கமாகத்தான் கொடுப்பார்கள். அதற்கு அமைப்பின் எண்ணிட்ட ரசீதுப் புத்தகம் வாங்கி வைத்து, வாரத்துக்கு ஒருமுறை கட்டிவிடுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிவிலக்கு கிடைக்காது. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு எப்படிக் கொடுத்தாலும் அந்த விலக்கு இல்லை. இரண்டையும் முன்பே சொல்லிவிட்டால் பிறகு மனத்தாங்கல் வராது.

4. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்ட சொந்தக்காரர்கள் தரும் பணம் சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை. எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு உள்ள அமைப்பு மட்டுமே, அதுவும் அதற்கென உள்ள கணக்கில்தான், வாங்கலாம். இந்தியப் பாஸ்போர்ட்டோடு துபாயில் வேலை செய்யும் மச்சான் கொடுப்பது இதில் சேராது.

5. நுழைவுக் கட்டணம், பயணம், தங்கும் செலவு எல்லாம் உங்கள் கையிலிருந்து. நன்கொடையில் கை வைக்கவில்லை என்பதை எழுத்தில் சொல்லுங்கள்.

28 வாரப் பயிற்சியில் 12ஆவது வாரம்வரை பொறுத்து, 40 கி.மீ. சைக்கிள் நன்றாகப் பழகியபின் கேட்பது நல்லது. செய்தி இந்த அளவுக்குச் சுருக்கமாக இருக்கட்டும்:

“அண்ணே, வணக்கம். வர்ற அக்டோபர்ல ஒரே நாள்ல 1.9 கிலோமீட்டர் நீந்தி, 90 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டி, 21 கிலோமீட்டர் ஓடப்போறேன். நம்ம ஏரியா மாலைநேரப் பாடசாலைக்கு 40 மேசை வேணும், ஒண்ணு 1,800 ரூபாய். ஒரு மேசையோ அரை மேசையோ, உங்களால முடிஞ்சது. பணம் என்கிட்ட வேணாம், நேரா அவங்க கணக்குக்குப் போடுங்க, ரசீது வரும். நான் பாதியில நின்னுட்டாலும் மேசை வந்துடும்.”

கடைசி வரியை எடுத்துவிடாதீர்கள்.

மருத்துவரிடம் ஒரு நாள்

ரத்த அழுத்தம், சர்க்கரை, ஹீமோகுளோபின், இசிஜி. 35 வயதைத் தாண்டியிருந்தாலோ, வீட்டில் யாருக்காவது இளவயதில் மாரடைப்பு வந்திருந்தாலோ, ட்ரெட்மில் பரிசோதனை பற்றியும் கேளுங்கள். மூட்டு வலிக்கு வழக்கமாக மாத்திரை போடுபவர்கள் அதை மறைக்கக் கூடாது. உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் வகை மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கும். போட்டி நாளில் அவற்றைத் தொடவே கூடாது.

நீச்சல்: கடலோரத்தில் பிறந்தும் குளத்துக்குத்தான் போக வேண்டும்

காசிமேடு முதல் எண்ணூர் வரை கடல் வாசலில்தான் இருக்கிறது, ஆனால் பயிற்சிக்கு உதவாது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகச் சுவர் கட்டியதிலிருந்து தெற்கிலிருந்து வரும் மணல் அங்கேயே தங்கிவிடுகிறது. மெரினாவுக்கு மணற்பரப்பு வந்தது, ராயபுரம் தொடங்கி வடக்கே கரை அரிக்கப்பட்டது. இப்போது கருங்கல் கொட்டிய தடுப்புகள்தான் கரை. அலை கல்லில் மோதித் திரும்பும் இடத்தில் நல்ல நீச்சல்காரரும் தப்புவது கடினம். புழல் ஏரி குடிநீர், இறங்கக் கூடாது. கொசஸ்தலை முகத்துவாரத்தில் 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் பரவிய கதை ஊருக்கே தெரியும்.

எனவே குளம். மை லேடீஸ் பூங்கா, மெரினா ஆகிய இடங்களில் மாநகராட்சிக் குளங்கள் உள்ளன. வேளச்சேரி நீச்சல் வளாகத்தில் 50 மீட்டர் போட்டிக் குளம் இருக்கிறது. விம்கோ நகரிலிருந்து மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் மெரினா பக்கம். பராமரிப்புக்காக மூடுவதும் நேரம் மாறுவதும் உண்டு, போகுமுன் விசாரியுங்கள். குளத்தின் நீளத்தையும் கேளுங்கள். தெரியாமல் “40 சுற்று” என்று பெருமைப்பட்டு, 25 மீட்டர் குளம் என்று பிறகு தெரிந்தால் பாதி தூரம்தான் நீந்தியிருப்பீர்கள்.

மீனவக் குப்பத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. தலையைத் தூக்கிக்கொண்டு கை வீசி நீந்தும் பழக்கம் வலைக்கும் படகுக்கும் இடையே உயிர் காக்கும், ஆனால் 1.9 கிலோமீட்டருக்கு ஆகாது. தலை மேலே போனால் இடுப்பும் காலும் கீழே இறங்கும், தண்ணீரை உழுதுகொண்டு போவீர்கள். நீச்சலே தெரியாதவரைவிட உங்களுக்குப் பயம் குறைவு, ஆனால் மறக்க வேண்டியது அதிகம். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, பார்வை குளத்தின் தரையில் இருக்க, உடம்பை உருட்டி மூச்செடுக்கப் பழகுங்கள்.

புதியவர்கள் 50 மீட்டரில் திணறுவதற்குக் காரணம் பெரும்பாலும் காற்று போதாதது இல்லை, உள்ளே போன காற்றை வெளியே விடாதது. கரியமில வாயு சேரும்போதுதான் மூச்சு முட்டுகிற பதற்றம் வரும். முகம் நீருக்குள் இருக்கும் நேரமெல்லாம் மூக்கால் குமிழி விட்டுக்கொண்டே இருங்கள். இரண்டாவது தவறு முழங்காலை மடக்கிச் சைக்கிள் மிதிப்பதுபோல் உதைப்பது. உதை இடுப்பிலிருந்து வர வேண்டும், சின்னதாக இருந்தால் போதும். காலைச் சைக்கிளுக்கு மிச்சம் பிடியுங்கள்.

எட்டு வாரத்தில் நிற்காமல் 400 மீட்டர். அதன்பின் வாரம் மூன்று நாள், ஒவ்வொன்றிலும் நடுப்பகுதி இப்படி: 100 மீட்டர் 10 முறை, நடுவே 20 விநாடி ஓய்வு, முதல் நூறும் கடைசி நூறும் ஒரே நேரத்தில் வர வேண்டும். முதலாவது 2:40, பத்தாவது 3:20 என்றால் வேகம் போதவில்லை என்று அர்த்தமில்லை, நீங்கள் அவசரப்பட்டீர்கள். 16 வாரத்தில் 1,000, 22 வாரத்தில் 2,000 மீட்டர்.

நம் கடல்நீர் சூடானது. பல போட்டிகளில் 24.5 டிகிரிக்கு மேல் வெட்சூட்டுக்கு அனுமதி இருக்காது. மிதவை உதவி இல்லாமல் நீந்தப் போகிறீர்கள், ஆகவே நீச்சல் பயிற்சியைக் குறைக்கச் சொல்லும் திட்டம் எதையும் நம்பாதீர்கள்.

கடல் பயிற்சி குறைந்தது நான்கு முறை வேண்டும். தெற்கே கோவளம் பக்கம், பயிற்சியாளரும் காவல் படகும் இருக்கும் குழுவோடு மட்டும். மெரினாவில் குளிக்கவே தடை. போன உடனே மீனவர்களிடம் “வெள்ளம் எந்தப் பக்கம் இழுக்குது?” என்று கேளுங்கள், கடல் நீரோட்டத்தைத்தான் வெள்ளம் என்பார்கள். கோடையிலும் ஆடியிலும் பொதுவாகத் தெற்கிலிருந்து வடக்கே, வடகிழக்குப் பருவக்காற்றில் வடக்கிலிருந்து தெற்கே இழுக்கும். எட்டு வீச்சுக்கு ஒருமுறை கண் மட்டும் நீருக்கு மேல் வரும்படி தலையை உயர்த்தி மிதவையைப் பாருங்கள், முதலை பார்ப்பதுபோல. அலையை மார்பால் மோதாதீர்கள்; அலை வருமுன் அடியில் முங்கி மறுபக்கம் எழுங்கள். கழுத்திலும் அக்குளிலும் வாசலின் தடவாவிட்டால் உப்பு நீர் அறுத்துவிடும். சொறிமீன் பட்டால் கடல்நீராலேயே கழுவுங்கள், தேய்க்க வேண்டாம்.

சைக்கிள்: கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே 90 கிலோமீட்டர்

தொடக்க நிலை ரோடு சைக்கிள் போதும். நல்ல நிலையில் உள்ள பழையதும் போதும், ஆனால் உங்கள் உயரத்துக்கேற்ற சட்டகம் இருக்க வேண்டும். விலை குறைகிறதே என்று பெரிய சட்டகம் வாங்கியவர் 60 கிலோமீட்டரில் கழுத்து வலியால் அதற்கு வட்டி கட்டுவார். சீட் உயரத்துக்கு எளிய அளவு: சீட்டில் உட்கார்ந்து குதிகாலை மிதிகட்டையின் மேல் வைத்து அதைக் கீழே கொண்டுபோனால் கால் நேராக நிற்க வேண்டும். விரல் பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும், அதுதான் சரி. முழங்காலின் முன்புறம் வலித்தால் சீட் தாழ்வு. பின்புறம் இழுத்தால் உயரம்.

டயர் 28 அல்லது 32 மில்லிமீட்டர். 23 மில்லிமீட்டர் மணலி சாலைக்கு ஆகாது. காற்று 28க்கு 75 முதல் 85 பிஎஸ்ஐ, 32க்கு 60 முதல் 70; ஒல்லியானவர் கீழ் எல்லையில் வையுங்கள்.

பஞ்சர்தான் இந்தப் பகுதியின் நிஜமான எதிரி. லாரி டயர் வெடித்துச் சிதறும்போது அதன் உள்ளிருக்கும் முடி போன்ற எஃகுக் கம்பி சாலையோரம் முழுக்கக் கிடக்கும். அது டயரைத் துளைத்து உள்ளேயே நிற்கும், வெளியே தெரியாது. புது ட்யூப் போட்ட ஐந்தாவது நிமிடத்தில் மறுபடி காற்று போவது இதனால்தான். ட்யூபைக் கழற்றியதும் டயரின் உட்புறத்தைப் பஞ்சால் ஒரு சுற்றுத் தடவுங்கள். எங்கே பஞ்சு மாட்டுகிறதோ அங்கே கம்பி. விரலால் தடவினால் விரல் கிழியும். இடுக்கியால் பிடுங்குங்கள். பின்சக்கரத்தை மாற்ற 8 நிமிடத்துக்கு மேல் ஆகக்கூடாது. வீட்டில் பத்து முறை கழற்றிப் பூட்டிப் பழகினால்தான் அது வரும். பையில் இரண்டு ட்யூப், இரண்டு டயர் லீவர், சின்ன பம்ப், ஒட்டுப் பொட்டலம், இடுக்கி. இன்னொரு பொருள், பலர் மறப்பது: ரோடு சைக்கிளின் ஒல்லியான பிரெஸ்டா வால்வுக்குத் தெருமுனைப் பஞ்சர் கடை கம்ப்ரஸர் பொருந்தாது. அதற்குப் பித்தளை அடாப்டர் ஒன்று உண்டு, சட்டைப் பொத்தான் அளவு. வால்விலேயே மாட்டி வையுங்கள்.

உப்புக்காற்றில் சங்கிலி இரண்டே நாளில் பழுப்பேறும். ஓட்டி வந்ததும் காய்ந்த துணியால் துடைத்து, வாரம் ஒருமுறை சங்கிலி எண்ணெய் விட்டு, உபரியைத் துடைத்துவிடுங்கள். சமையல் எண்ணெய், இன்ஜின் ஆயில் எல்லாம் தூசியைப் பிடித்து மாவாக்கிவிடும்.

வாரநாளில் சாலைக்குப் போகாமல் வீட்டில் ட்ரெய்னரில் (சைக்கிளை ஒரே இடத்தில் நிறுத்தி மிதிக்க உதவும் தாங்கி) மாட்டி மிதிப்பதே எங்கள் சிபாரிசு. எதிரே பெரிய ஃபேன், கீழே பழைய பாய். நிமிடத்துக்கு 80 முதல் 90 சுற்று, 45 நிமிடம்.

ஞாயிறு நீண்ட பயணத்துக்கு இரண்டு பாதைகள். ஒன்று, மீஞ்சூரிலிருந்து வெளிவட்டச் சாலையில் நெமிலிச்சேரி வரை, ஒரு பக்கம் சுமார் 30 கி.மீ.; நீண்டு நேராகப் போகும், கணக்கு வைக்க வசதி. இன்னொன்று, திருவொற்றியூர், மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் பழவேற்காடு. போக வர ஏறக்குறைய 90 கி.மீ. வருவதால் போட்டித் தூரத்தை அப்படியே பழகலாம். மார்கழி, தை மாதங்களில் போனால் ஏரியில் பூநாரைகளைப் பார்க்கலாம், அதற்காகப் பத்து நிமிடம் நிற்பதில் தப்பில்லை. விடியுமுன் கிளம்பி 9 மணிக்கு வீடு சேர வேண்டும்.

எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்காக வரிசை கட்டி நிற்கும் லாரிகளை ஒட்டி ஓட்டாதீர்கள். கதவு திறக்கும், கிளீனர் குதிப்பார். ட்ரெய்லரின் இடது பக்கம் ஓட்டுநரின் கண்ணுக்கே தெரியாது, அது திரும்பும் முனையில் நீங்கள் அங்கே இருக்கக் கூடாது. தண்டவாளத்தைச் செங்குத்தாக மட்டும் கடங்கள், ஈரமாக இருந்தால் இறங்கித் தள்ளுங்கள். ஹெல்மெட், பின்னால் சிவப்பு விளக்கு, ஒளி திருப்பும் மேலங்கி மூன்றும் இல்லாமல் வாசலைத் தாண்ட வேண்டாம். இரண்டு மூன்று பேராக, ஒருவர் பின் ஒருவராக.

காற்றையும் பார்க்க வேண்டும். மணலியில் மாசுக் கண்காணிப்பு நிலையம் இருக்கிறது, அளவை கைப்பேசியிலேயே பார்க்கலாம். காற்றுத் தரக் குறியீடு 200ஐத் தாண்டினால் அன்று வீட்டுக்குள். கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்குப் பக்கம் புகை எழுந்தாலோ, காற்றில் காரமான வாடை வந்தாலோ எண்ணைப் பார்க்காமலே திரும்பிவிடுங்கள். போகி அன்று வெளியே பயிற்சி என்ற பேச்சே கிடையாது.

வியர்வையும் உப்பும்

உங்கள் வியர்வை அளவை நீங்களே அளக்கலாம். ஓடுமுன் உடையில்லாமல் எடை பாருங்கள். ஒரு மணி நேரம் ஓடி, துடைத்துக்கொண்டு மறுபடி பாருங்கள். 72.0 கிலோ 70.9 ஆகி, நடுவே 300 மில்லி குடித்திருந்தால், போனது 1.4 லிட்டர். அதில் 60 விழுக்காடு, அதாவது மணிக்கு 800 மில்லி அளவு, குடித்தால் போதும். முழுவதையும் ஈடுகட்ட வயிறு இடம் கொடுக்காது. வைகாசியில் ஒருமுறை, ஆவணியில் ஒருமுறை அளந்து எழுதி வையுங்கள்.

வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருப்பது குடிக்காமல் இருப்பதைப் போலவே ஆபத்து. ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய்த் தலைவலி, வாந்தி, மயக்கம், வலிப்பு வரை போகும். ஓடி முடித்தபின் எடை கூடியிருந்தால் அளவுக்கு மேல் குடித்திருக்கிறீர்கள். இளநீரை மட்டும் நம்புவதும் சரியில்லை. அதில் பொட்டாசியம் அதிகம், வியர்வையில் போவதோ சோடியம். ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்தால் சரியாகும். ஓடி வந்தபின் உப்புப் போட்ட நீர்மோருக்கு நிகரில்லை, ஆனால் ஓடும்போது வேண்டாம்.

வீட்டுப் பானம்: 1 லிட்டர் தண்ணீர், 60 கிராம் சர்க்கரை அல்லது குளுக்கோஸ், 1.5 கிராம் உப்பு (தட்டிய கால் டீஸ்பூன்), அரை எலுமிச்சை. இதில் சுமார் 590 மில்லிகிராம் சோடியம் இருக்கும். சட்டையில் வெள்ளைக் கோடு படிபவர்கள் 2 கிராம் உப்புப் போடலாம். சர்க்கரையை 100 கிராமுக்கு ஏற்றினால் வயிறு கலங்கும். பானம் வயிற்றிலேயே நின்றுவிடும்.

சைக்கிளில் மணிக்கு 50 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். முக்கால் லிட்டர் பானத்தில் 45 கிராம் வந்துவிடும், அரை வாழைப்பழம் சேர்த்தால் 55. கைக்கடிகாரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஒலிக்கும்படி வைத்து, பசிக்காவிட்டாலும் குடியுங்கள். கடலைமிட்டாயில் கொழுப்பு அதிகம், வாயும் வறளும். அதை வீட்டுக்கு வந்து சாப்பிடுங்கள்.

ஓட்டம்

வாரம் மூன்று நாள். ராபின்சன் பூங்கா, பெரம்பூர் முரசொலி மாறன் பூங்கா போன்ற இடங்களில் தொடங்கலாம். தெருவில் ஓடினால் எதிரே வண்டி வரும் பக்கமாக ஓடுங்கள். நாய் துரத்தினால் ஓடாமல் நின்று, பார்த்து, நடங்கள். மேடு பழக மேம்பாலம்தான் நமக்கு மலை. ஞாயிறு விடியலில் ஏறி இறங்க ஆறு முறை.

9 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை என்று முதல் வாரத்திலிருந்தே பழகுங்கள். கிலோமீட்டருக்கு 7 நிமிடம் ஓடி, நடையைச் சேர்த்தால் சராசரி 7:14 வரும். 21.1 கிலோமீட்டர் 2 மணி 33 நிமிடத்தில் முடியும். கெடுவுக்கு 19 நிமிடம் மிச்சம். களைத்தபின் நடக்கத் தொடங்குபவர் மறுபடி ஓட மாட்டார். களைக்குமுன் நடப்பவர் ஓடுவார்.

9ஆவது வாரத்திலிருந்து சைக்கிளை விட்டு இறங்கிய உடனே 20 நிமிட ஓட்டம், வாரம் ஒருமுறை. பிரிக் என்பார்கள். முதல் ஐந்து நிமிடம் கால் மரக்கட்டையாக இருக்கும், அது போய்விடும். அது போய்விடும் என்று உடம்புக்குத் தெரிய வைக்கத்தான் இந்தப் பயிற்சி.

28 வாரம்

அக்டோபர் கடைசியில் போட்டி என்றால் சித்திரைப் பிறப்பில் தொடங்குங்கள்.

1 முதல் 8: வாரம் 5–6 மணி நேரம். சைக்கிள் ஞாயிறு 25இலிருந்து 45 கி.மீ., ஓட்டம் சனி 5இலிருந்து 9 கி.மீ.
9 முதல் 16: 7–8 மணி நேரம். சைக்கிள் 70 வரை, ஓட்டம் 14 வரை.
17 முதல் 24: 9–10 மணி நேரம். சைக்கிள் 90, ஓட்டம் 18. கடல் நீச்சல் நான்கும் இங்கே.
25: ஒத்திகை. 1,500 மீட்டர் நீச்சல், 70 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம், போட்டி உடையோடு, போட்டிச் சாப்பாட்டோடு.
26 முதல் 28: பாதியாக, பிறகு கால்வாசியாக.

நான்கு வாரத்துக்கு ஒரு வாரம் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். ஷிப்டு வேலைக்காரர்கள் இரவுப் பணி முடிந்த காலையில் சைக்கிளைத் தொட வேண்டாம். தூக்கத்தில் லாரி தெரியாது. தவறவிட்ட பயிற்சியை மறுநாள் சேர்த்துச் செய்யாதீர்கள், அது போனது போனதுதான். மழை தொடங்கினால் கணேசபுரம் சுரங்கப்பாதைப் பக்கம் தண்ணீர் நிற்கும். தேங்கிய நீரில் எதையும் ஓட்டாதீர்கள், அடியில் திறந்த சாக்கடை மூடி இருக்கலாம்.

போட்டி நாள்

முந்தின இரவு சோறு, பருப்பு, தயிர். பாரிமுனைப் பக்கம் போய் அத்தோ, பேஜோ என்ற பர்மியப் பலகாரங்களைச் சாப்பிட்டு வருவதை ஜெயித்தபின் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மணி நேரம் முன்பு ஐந்து இட்லி, சர்க்கரை தொட்டு; சாம்பார், தேங்காய்ச் சட்னி வேண்டாம். காபி பழக்கம் இருந்தால் குடிக்கலாம்.

நீச்சலில் கூட்டத்தின் ஓரமாக, கடைசியில் இறங்குங்கள். மூச்சு வாங்கினால் காவல் படகைப் பிடித்துக்கொண்டு நிற்க விதி அனுமதிக்கிறது. பிடித்துக்கொண்டு முன்னே நகரக் கூடாது, அவ்வளவுதான்.

உடை மாற்றும் இடத்தில் ஹெல்மெட்டை மாட்டிக் கொக்கி போட்டபின்தான் சைக்கிளைத் தொட வேண்டும். மாற்றிச் செய்தால் தண்டனை. முன்னால் போகும் சைக்கிளுக்கும் உங்களுக்கும் 12 மீட்டர் இடைவெளி, முந்துவதானால் 25 விநாடிக்குள் முந்திவிட வேண்டும். காதில் பாட்டு கூடாது, குப்பையை அதற்கான இடத்தில் மட்டும் போட வேண்டும். முதல் 20 கிலோமீட்டரில் எல்லோரும் உங்களைத் தாண்டிப் போவார்கள், போகட்டும்.

ஓட்டத்தில் தொப்பிக்குள் பனிக்கட்டி வையுங்கள். தலையில் தண்ணீர் ஊற்றும்போது குனிந்து ஊற்றுங்கள், ஷூ நனைந்தால் கொப்புளம். வெயிலில் உடம்பு புல்லரிப்பது, தள்ளாடுவது, கேட்டதற்குப் பொருந்தாத பதில் சொல்வது, இதில் ஒன்று வந்தாலும் அங்கேயே நிறுத்தி உதவி கேளுங்கள். வியர்க்கிறதே என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். வெயில் தாக்கியவருக்கும் வியர்க்கும். பக்கத்தில் யாராவது விழுந்தால் முதலில் பனிக்கட்டியும் தண்ணீரும் கொண்டு உடம்பைக் குளிர வையுங்கள், ஆம்புலன்ஸில் ஏற்றுவது அதற்கு அடுத்து. மேசைகள் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டன என்பதை இந்த இடத்தில் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முடிந்த வாரம்

பத்து நாள் ஓட வேண்டாம்; நடை, மெதுவான நீச்சல் போதும். சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போனால் அன்றே மருத்துவமனை. சைக்கிளை நல்ல தண்ணீரில் கழுவி, கைப்பிடித் தண்டின் பேரிங்கைத் திறந்து பாருங்கள். ட்ரெய்னரில் சொட்டிய வியர்வை உப்பு அங்கேதான் போய்த் தங்கும். ஒரு வாரத்துக்குள் கணக்கை அனுப்புங்கள்: வங்கியில் வந்தது எவ்வளவு, ரசீதுப் புத்தகத்தில் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை, வாங்கிய பொருளின் பில், பாடசாலையில் போட்ட மேசைகளின் படம். வரிச் சான்றிதழை நிதியாண்டு முடிந்தபின் மே 31க்குள் அமைப்பு தர வேண்டும். ஏப்ரலில் நீங்களே ஒருமுறை போய் நினைவூட்டிவிட்டு வாருங்கள்.